வேலையையும் விடாதே, பிரஷ்ஷையும் விடாதே

அன்பு மகளுக்கு,

"ஓவியராகணும்னு உங்களுக்கு எப்போப்பா தோணிச்சு?" என்று போனில் நீ கேட்டபோது, ஏதோ பேட்டி எடுக்கிறாளே என்று சிரித்துவிட்டேன். வைத்த பிறகுதான் உறைத்தது, நீ உன்னைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். சின்ன வயதில் உனக்கு அப்படி எந்தப் பொறியும் தட்டவில்லை, ஆபீஸ், சம்பளம் எல்லாம் வந்த பிறகு இப்போது போய் பிரஷ்ஷை எடுத்திருக்கிறாய், இதெல்லாம் ஆகிற காரியமா என்று உனக்கு ஒரு பயம். சரி, எழுதியே சொல்கிறேன், எழுதினால் நீ நடுவில் புகுந்து பேச முடியாது.

முடிவெடுத்த நாள் என்று எனக்கு எதுவும் கிடையாது. பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் ஒருவர் ஏணியில் நின்று விளம்பரப் போர்டு எழுதிக்கொண்டிருப்பார். கையிலிருக்கும் சின்னப் படத்தில் கட்டம் போட்டு, சுவரில் அதே கட்டத்தைப் பெரிதாக நூலடித்து, ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துப் பார்த்து வரைவார். கை ஆடாமலிருக்க, நுனியில் துணி சுற்றிய ஒரு குச்சியைச் சுவரில் ஊன்றி மணிக்கட்டை அதன்மேல் வைத்துக்கொள்வார். ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது அவர் வரைந்த ஒரு பித்தளைப் பாத்திரம். கிட்டப் போய்ப் பார்த்தால் அதில் பளபளப்பே இல்லை, அழுக்கு மஞ்சள், பழுப்பு, ஓரத்தில் பச்சை கலந்த ஒரு சாம்பல், நடுவில் வெள்ளையில் ஒரே ஒரு இழுப்பு, அவ்வளவுதான். நாலடி பின்னால் வந்தால் பாத்திரம் மின்னுகிறது. கிட்டப் போவதும் பின்னால் வருவதுமாக நின்றிருக்கிறேன். இன்றைக்கும் என் வேலை அதேதான், சுவருக்குப் பதிலாக கான்வாஸ்.

இதைக் கேட்டுவிட்டு "உங்களுக்கு மட்டும் கதை இருக்கே" என்பாய். அந்தப் போர்டை என்னோடு படித்த எல்லாப் பையன்களும்தான் பார்த்தார்கள். பின்னால் ஒருவன் ஓவியனானால்தான் அவன் பார்த்தது கதையாகிறது, ஆகாவிட்டால் அது வேடிக்கை பார்த்த கணக்கில் போய்விடும். ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாய், ஆறு வயதிலிருந்தே கண்டதையெல்லாம் வரையும் கிறுக்கு தனக்கு இருந்ததாக எழுதியிருக்கிறார், சரி. ஆனால் அதே இடத்தில், எழுபது வயதுக்கு முன்னால் வரைந்தது எதுவும் பொருட்படுத்தத் தக்கதல்ல என்றும் எழுதிவிட்டார். உலகமே அறிந்த அவருடைய பெரிய அலைப் படமும் அவர் எழுபதை ஒட்டியபோது வந்ததுதான். பிரெஞ்சு ஓவியர் மத்தீஸோ சட்டம் படித்துவிட்டு ஒரு வக்கீல் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தவர். 1889-90 வாக்கில் குடல்வால் நோய் வந்து படுத்திருந்தபோது, பொழுதுபோகட்டும் என்று அவருடைய அம்மா ஒரு வண்ணப் பெட்டி வாங்கிக் கொடுத்தார். அப்போது வயது இருபது. எனக்குப் பிடித்தது அந்த அம்மாவைத்தான், பெட்டியைக் கொடுத்ததோடு சரி, பெரிய ஓவியனாக வா என்றெல்லாம் நெருக்கவில்லை.

அடுத்தது, வேலையை விட்டுவிடலாம் என்கிறாயே, அது. இதில் உன்னோடு எனக்கு ஒத்துப்போகவில்லை, நேராகவே சொல்கிறேன். செசான் சட்டப்படிப்பை உதறிவிட்டு ஓவியத்துக்குப் போனார் என்று எல்லோரும் சொல்வார்கள், அவருடைய அப்பா பேங்க் நடத்தியவர், மாதாமாதம் பணம் அனுப்பியவர் என்பதைப் பாதிப்பேர் விட்டுவிடுவார்கள். முதல் தனிக் கண்காட்சி 1895-இல், அதற்குள் அவருக்கு ஐம்பத்தாறு வயது. அதுவரை தாக்குப்பிடிக்க முடிந்ததற்கு அந்தப் பணமும் ஒரு காரணம். உன் அப்பாவிடம் பேங்க் இல்லை மா. நீ ஆன்றி ரூசோவைப் பார். பாரிஸில் சுங்கம் வசூலிக்கும் உத்தியோகம், கிடைத்த நேரத்தில் ஓவியம், யாரிடமும் போய்ப் படித்ததில்லை, 1893-இல் நாற்பத்தொன்பதாவது வயதில்தான் வேலையை விட்டார். தூங்கும் நாடோடிப் பெண்ணின் பக்கத்தில் சிங்கம் நிற்குமே, அந்தப் படம் அதற்கும் நான்கு வருடம் கழித்து. நானும் பாடப்புத்தகத்துக்குப் படம் போட்டேன், பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன், எனக்குப் பிடிக்காத முகங்களையெல்லாம் காசுக்காகச் சிரித்த முகமாக வரைந்து கொடுத்தேன். அதில் கற்றுக்கொண்டது கொஞ்சமில்லை. வாடகைக்கு ஆகுமா ஆகாதா என்று பார்த்துப் பார்த்து வரைந்த படத்தில் அந்தக் கவலை தெரிகிறது, என் படங்களிலேயே காட்டுவேன்.

ஒன்றில் மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதே, வண்ணத்தில். அதிலும் சிவப்பு. வான்கோவின் படுக்கையறைப் படத்தின் சுவரை நாம் நீலமாகப் பார்க்கிறோம், அவர் தம் கடிதத்தில் எழுதியிருப்பது வெளிர் ஊதா. கலந்திருந்த சிவப்பு வெளிச்சத்தில் வெளுத்துப் போய் நீலம் மட்டும் நின்றுவிட்டது. நீ வாங்கி வைத்திருக்கும் அலிசரின் கிரிம்சன் என்ற சிவப்பும் வெளுக்கிற ஜாதிதான், அதற்குப் பதில் குவினாக்ரிடோன் என்று போட்டிருக்கும் சிவப்பை வாங்கு. அப்புறம், அடிப்பூச்சில் எண்ணெய் குறைவாக இருக்க வேண்டும், மேலே போகப் போகத்தான் கூட வேண்டும். வண்ணத்தில் கலந்திருக்கும் ஆளி விதை எண்ணெய் தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெதுவாக இறுகுகிறது. அடியில் எண்ணெய் அதிகமாகி அது இறுகுவதற்குள் மேல்பூச்சு காய்ந்துவிட்டால் வெடிப்பு விடும். இந்த மாதிரி விஷயங்களைத்தான் நான் இத்தனை வருடமாகச் செய்துகொண்டிருக்கிறேன், நீ அகத்தூண்டுதல் என்று கேட்கிறாய்.

என் கண்ணைப் பற்றி அம்மா உன்னிடம் சொல்லியிருப்பாள். கண்புரைதான். லென்ஸ் மஞ்சளடிக்கும், நீலம் சரியாக உள்ளே வராது, அதனால் ட்யூபில் எழுதியிருப்பதைப் படித்துத்தான் நீலத்தை எடுக்கிறேன். ஓவியர் மோனேவுக்கும் இதுவே வந்து, 1923-இல் எண்பத்திரண்டு வயதில் ஆபரேஷன் செய்துகொண்டு, 1926-இல் சாகும்வரை அல்லிக்குளத்தை வரைவதை விடவில்லை. எனக்கும் தேதி குறித்தாயிற்று, லீவு போட்டுக்கொண்டு ஓடி வராதே.

நீ அனுப்பிய படத்தை ட்யூப்லைட்டில் போட்டோ எடுத்திருக்கிறாய், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பகலில் ஜன்னல் பக்கம் வைத்து எடுத்து அனுப்பு. நாற்காலியின் நிழலுக்குக் கறுப்பை அப்படியே ட்யூபிலிருந்து பூசியிருக்கிறாய் என்று நினைக்கிறேன், அதைச் சுரண்டி எடுத்துவிட்டு அல்ட்ராமரீன் நீலமும் பர்ன்ட் அம்பர் பழுப்பும் கலந்து போட்டுப் பார். நாற்காலி நன்றாக உட்கார்ந்திருக்கிறது, அதைத் தொடாதே.

அப்பா