வகுப்பைப் பிரிக்க வேண்டாம், பேச விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடமாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு வேண்டும் என்று திருப்பூர் வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தைச் சென்ற வாரம் உங்கள் நாளிதழில் படித்தேன். அந்தப் பிள்ளைகளுக்குத் தமிழ் வராததால் வகுப்பு மெதுவாகிறது, நம் பிள்ளைகளின் படிப்பு கெடுகிறது என்கிறார் அவர். நானும் திருப்பூர்தான். இங்கே ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியை. வகுப்பு மெதுவாகிறது என்று அவர் சொல்வது உண்மை. ஒரு பத்தியை வாசித்து, பாதிப் பேருக்கு மறுபடி விளக்கி, படம் போட்டுக் காட்டி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். ஆனால் அதற்கு அவர் சொல்லும் மருந்து எனக்குச் சரியாகப் படவில்லை.

என் ஏழாம் வகுப்பில் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கம் எல்லாம் உண்டு. பெரும்பாலும் அப்பா பனியன் கம்பெனியில் டெய்லர் அல்லது ஹெல்பர், அம்மா செக்கிங். ஒன்றரை ஷிப்ட் முடிந்து அவர்கள் லைன் வீட்டுக்குத் திரும்ப ராத்திரி ஒன்பது ஆகிவிடும். ஊரில் இந்தப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே பெயர், ‘இந்திக்காரப் பசங்க’. ஒடிசாப் பெண் வீட்டில் பேசுவது ஒடியா. பீகாரின் மதுபனியிலிருந்து வந்த பையன் பேசுவது மைதிலி. இந்தி அவனுக்கும் பள்ளிக்கூடத்தில் படித்த மொழிதான். இந்த விவரமே எங்கள் ஆசிரியர் அறையில் பலருக்குப் புதுசு.

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டம், பள்ளிக்கே வராமல் விடுபட்ட பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துத் தனிப் பயிற்சி தரச் சொல்கிறது. 2006-ல் வந்த தமிழ் கற்றல் சட்டத்தால் எல்லாப் பிள்ளைகளும் தமிழ் படிக்கிறார்கள். சின்ன வயதில் வந்து சேர்ந்தவர்கள் சீக்கிரமே எழுத்துக் கூட்டி வாசித்துவிடுகிறார்கள். அதெல்லாம் சரி. ஆனால் இந்த ஏற்பாடு முழுக்க வந்த பிள்ளையைப் பற்றியது. இங்கேயே பிறந்த பிள்ளைக்கு இதில் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை என்று நாமாகவே முடிவு செய்துவிட்டோம். பக்கத்துப் பெஞ்சில் இருப்பவனிடம் எப்படிக் கேள்வி கேட்பது, அவன் தடுமாறிப் பேசும்போது எவ்வளவு நேரம் பொறுத்திருப்பது என்பதை யாரும் நம் பிள்ளைக்குச் சொல்லித் தருவதில்லை.

அதற்குப் பதிலாக நாம் வைத்திருப்பது ஒற்றுமை விழா. நாலு பிள்ளைகளுக்கு மாநிலத்துக்கு ஒன்றாக வேஷம் கட்டி, மேடையில் கைகோத்து நிற்க வைத்து, போட்டோ எடுத்து குரூப்பில் போட்டால் வேலை முடிந்தது. மறுநாள் சத்துணவு வரிசையில் அவரவர் கூட்டத்தோடு அவரவர். விழா வைப்பது தப்பில்லை, பிள்ளைகளுக்கும் அது பிடிக்கும். ஆனால் அதில் ஒரு பிள்ளைகூட இன்னொரு பிள்ளையிடம் எதையும் கேட்பதில்லை.

என் வகுப்பில் பேச்சு தொடங்கியது 2023 மார்ச்சில். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியது வாசகர்களுக்கு நினைவிருக்கும். அவை பொய் என்று நம் காவல்துறை அறிவித்தது. பீகார் அரசு அனுப்பிய அதிகாரிகள் குழு திருப்பூருக்கே வந்து விசாரித்தது. ஹோலிக்காக ஊருக்குப் போனவர்களும் பயந்து போனவர்களுமாகப் பல பெஞ்சுகள் காலியாகிவிட்டன. மிச்சமிருந்த ஒரு பீகார் பையனுக்கும் தமிழ்ப் பையனுக்கும் வகுப்பிலேயே கைகலப்பு. விலக்கிவிட்டு விசாரித்தால், இவன் வீட்டு போனில் ஒரு வீடியோ, அவன் வீட்டு போனில் இன்னொரு வீடியோ. இரண்டு வீட்டிலும் அதை நம்பியிருக்கிறார்கள். புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, அவரவர் வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று சொல்ல வைத்தேன். அதற்கப்புறம் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடு இதற்கென்றே ஆகிவிட்டது.

பெரிய ஏற்பாடு ஒன்றுமில்லை. வட்டமாக உட்காருவார்கள். எட்டாம் வகுப்பிலிருந்து ஒரு பெண் மொழிபெயர்க்க வருவாள். பெற்றோர் பீகார், அவள் வளர்ந்தது திருப்பூர். ‘ஏனுங் டீச்சர்’ என்றுதான் ஆரம்பிப்பாள். தீர்ப்புச் சொல்லக் கூடாது, கேள்விதான் கேட்க வேண்டும் என்பது விதி. கேட்கப்பட்டவருக்கு விருப்பமில்லை என்றால் பதில் சொல்லாமல் இருக்கலாம்.

விதி எளிமையாகத் தெரிகிறதே தவிர, பிள்ளைகளுக்கு அது பழக ரொம்ப நாள் பிடித்தது. ‘அவ பக்கத்துல உக்கார மாட்டேன் டீச்சர், தலை நாத்தம்’ என்றாள் ஒரு தமிழ்ப் பெண். அதைக் கேள்வியாக மாற்றச் சொன்னேன். யோசித்து யோசித்து, ‘நீ தலைக்கு என்ன எண்ணெய் வைக்கிற?’ என்று கேட்டாள். கடுகெண்ணெய். குளிர்காலத்தில் குழந்தைகளுக்கு உடம்பெல்லாம் தேய்த்துவிடுவார்கள், சமையலும் அதில்தான் என்று பதில் வந்தது. அந்தப் பெண் திருப்பிக் கேட்டது எங்களுக்கு வேடிக்கையாக இருந்தது. இங்கே வந்த புதிதில் தேங்காய் எண்ணெய் வாசனையில் அவளுக்குக் குமட்டுமாம், நீங்களெல்லாம் எப்படித் தாங்குகிறீர்கள் என்றாள். வகுப்பில் பாதிப் பேர் தங்கள் பின்னலை எடுத்து முகர்ந்து பார்த்தார்கள்! கடுகெண்ணெய் வாசனை எனக்கு இன்றைக்கும் ஒத்துக்கொள்வதில்லை, அது வேறு விஷயம்.

இந்த மாதிரிப் பேச்சில் ஒற்றுமையைக் கண்டுபிடிப்பது சுலபம். நம் பழைய சோறு மாதிரி ஒடிசாவில் பகாளா என்று தண்ணீர் ஊற்றிய சோறு உண்டு என்றதும் கைதட்டினார்கள். ஆனால் அதோடு நின்றால் விழா மேடைக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. உரசும் இடத்தைத் தொட்டால்தான் பிள்ளைகள் யோசிக்கத் தொடங்குகிறார்கள்.

வங்காளப் பெண் ஒருத்தி, எங்களுக்கு ஏன் வீடு தர மாட்டேன் என்கிறார்கள் என்று கேட்டாள். நான்தான் கொஞ்சம் பதறினேன். லைன் வீடு கட்டி வாடகைக்கு விடும் குடும்பத்துப் பையன் ஒருவன் பட்டென்று சொன்னான்: ‘நாலு பேருன்னு சொல்லிட்டுப் பத்துப் பேரு தங்குவாங்க. தண்ணி பத்தாது.’ அவள் விடவில்லை. ‘ஒரு ஆளு கூட வந்தா கூடக் காசு கேக்கறாங்க. அப்போ ஆளு வரலாம்னுதானே அர்த்தம்?’ எங்கப்பா அப்படியெல்லாம் வாங்க மாட்டார் என்றான் இவன். அடுத்த வெள்ளிக்கிழமை அவனே எழுந்து, ‘கேட்டேன் டீச்சர், வாங்கறாராம்’ என்றான். சிரித்தார்கள், அவனும் சிரித்தான். வாடகைப் பிரச்சினை அதனால் தீர்ந்துவிடவில்லை. ஆனால் தண்ணீர் பற்றாக்குறை, வாடகை, கூட்டமாகத் தங்குவது எல்லாம் ஒன்றையொன்று எப்படிப் பிடித்துக்கொண்டிருக்கின்றன என்று ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் புரிந்துகொண்டார்கள். குடிமையியல் பாடத்தை நான் பல வருஷமாக நடத்துகிறேன், அந்த அளவுக்குப் புரிய வைத்ததாக நினைவில்லை.

பேசி முடித்ததும் கடைசிப் பத்து நிமிடம் எழுதும் நேரம். இன்று என்ன கேட்டேன், முன்பு என்ன நினைத்திருந்தேன், இன்னும் என்ன புரியவில்லை. எந்த மொழியிலும் எழுதலாம், பிழை திருத்த மாட்டேன், மதிப்பெண் இல்லை. முதல் இரண்டிலும் பிள்ளைகள் எனக்குப் பிடித்த பதிலை எழுதிவிடுவார்கள். ஆசிரியரைச் சந்தோஷப்படுத்தப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். மூன்றாவதில்தான் உண்மை வரும். வீட்டுக்கார வீட்டுப் பையன் எழுதியிருந்தது: ‘காசு வாங்கிட்டு அப்புறம் ஏன் திட்டறாங்கன்னு புரியல.’ வட்டத்தில் ஒரு வருஷம் முழுக்க வாய் திறக்காத பையன் ஒருவன் நோட்டில் மட்டும் பக்கம் பக்கமாக இந்தியில் எழுதினான். பேச்சோடு விட்டிருந்தால் அவன் எங்கள் கணக்கிலேயே வந்திருக்கமாட்டான்.

பேச்சு என்றால் பாடம் போய்விடும் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் வெள்ளை, கறுப்பின, மெக்சிக வம்சாவளிப் பிள்ளைகளை ஒரே வகுப்பில் சேர்த்தபோது கடும் சண்டை. 1971-ல் எலியட் அரான்சன் என்ற உளவியலாளர் அங்கே ஒரு முறையைக் கொண்டுவந்தார். ஒரு பாடத்தைத் துண்டுகளாக்கி, குழுவில் ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்துவிட வேண்டும். தன் துண்டை ஒவ்வொருவரும் மற்றவர்களுக்குச் சொல்லித் தர வேண்டும். தேர்வு மட்டும் தனித்தனி. ஆங்கிலம் தடுமாறும் பிள்ளையை முதலில் கேலி செய்தவர்கள், அவன் துண்டு தெரியாவிட்டால் தங்களுக்கே மதிப்பெண் போகும் என்றதும் பொறுமையாகக் கேள்வி கேட்டு வாங்கப் பழகினார்கள். பி.எட். படித்தவர்கள் இதைப் படித்திருப்பார்கள், தேர்வோடு மறந்திருப்பார்கள்.

புயல் பாடத்துக்கு இதைச் செய்து பார்த்தேன். திருப்பூர்ப் பிள்ளைகள் புயலை டிவியில்தான் பார்த்திருக்கிறார்கள். என் ஒடிசா மாணவி பூரி மாவட்டத்துக்காரி. 2019 மே 3-ஆம் தேதி ஃபானி புயல் கரையைக் கடந்தது பூரிக்குப் பக்கத்தில்தான். அதற்கு முன் 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை அந்த மாநில அரசு பாதுகாப்பான இடங்களுக்குக் கொண்டுபோயிருந்தது. முன்னெச்சரிக்கை, வெளியேற்றம் என்ற துண்டை அவளுக்குக் கொடுத்தேன். மாட்டை அவிழ்த்துவிட்டது, மூட்டையோடு புயல் காப்பிடத்துக்குப் போனது, திரும்பி வந்தபோது தென்னை ஒன்றுகூட நிற்காதது என்று அரைகுறைத் தமிழில் சொன்னாள். குழு அவளைத் துளைத்தெடுத்துவிட்டது. அந்தத் தேர்வில் ‘வெளியேற்றம்’ கேள்வியை யாரும் விடவில்லை.

வாசகர் கேட்கும் தனி வகுப்பில் இது நடக்காது. ஒரே அறையில் உட்கார வைத்தால் மட்டும் நடந்துவிடும் என்றும் நான் சொல்லவில்லை. பழகினால் வெறுப்பு குறையும், ஆனால் இருவரும் அங்கே சமமாக இருக்க வேண்டும், சேர்ந்து செய்ய ஒரு வேலை வேண்டும், மேலே இருப்பவர்கள் அதை ஆதரிக்க வேண்டும் என்று கார்டன் ஆல்போர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954-லேயே எழுதிவிட்டார். எங்களிடம் குறைவது இந்தக் கடைசி விஷயம். ‘பாடம் எடுக்காமல் கதை பேசுகிறார்’ என்று என்மேல் இரண்டு முறை புகார் போயிருக்கிறது. இந்தியைக் கொல்லைப்புறமாகக் கொண்டுவருகிறேன் என்று ஒரு பெரியவர் சண்டைக்கே வந்தார். வட்டத்தில் தமிழ்தான் பேசுகிறோம், வாயடைத்துப் போகிறவர்களுக்குத்தான் மொழிபெயர்ப்பு என்று சொன்னேன். இருமொழிக் கொள்கையில் அவருக்கு இருக்கும் பிடிப்பு எனக்கும் உண்டு.

கல்வித்துறையிடம் கேட்பது இதுதான். கால அட்டவணையில் நீதிபோதனை என்று ஒரு பீரியடு பெயருக்கு இருக்கிறது, தேர்வு நெருங்கினால் கணக்கு அதை விழுங்கிவிடும். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போதே அதை இதற்கென்று ஒதுக்கி, மற்றப் பாடங்கள் தொடக்கூடாது என்று சொல்லுங்கள். இப்படி வகுப்பு நடத்தும் ஆசிரியர்கள் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டங்களில் அனுபவத்தைச் சொல்ல அரை மணி நேரம் கொடுங்கள். தயவுசெய்து இதையும் கல்வித்துறையின் எமிஸ் இணையதளத்தில் ஏற்றச் சொல்லாதீர்கள். போட்டோவும் கேட்காதீர்கள். கேமராவைக் கண்டதும் பிள்ளைகள் விழாவுக்கு நிற்பதுபோல் நின்றுவிடுகிறார்கள்.

இன்னொன்று. எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வடமாநிலப் பெற்றோர் வருவதே இல்லை என்று எல்லோரும் குறைப்படுகிறார்கள். கூட்டம் வேலைநாள் சாயங்காலம் நடக்கிறது, அவர்கள் அப்போது ஷிப்டில் இருக்கிறார்கள். சனிக்கிழமை சம்பளம், ஞாயிறு லீவு. ஞாயிற்றுக்கிழமை காலையில் வைத்தால் வருவதாக இரண்டு அப்பாக்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். கடிதம் எழுதிய வாசகரும் அன்று வந்தால் நேரிலேயே பேசலாம்.

இப்படிக்கு,
ஒரு சமூக அறிவியல் ஆசிரியை,
திருப்பூர்.
(பெயர் வெளியிட வேண்டாம்)