புதிய மடிக்கணினியின் ஆக்டிவேஷன் சிக்கல்: மகளுக்கு ஒரு கடிதம்

அன்பு மகள் கயல்விழிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். மாப்பிள்ளையும் குழந்தையும் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன்.

புதிய மடிக்கணினி வாங்கியதிலிருந்து நீ படும் பாட்டை நேற்றிரவு போனில் கேட்டதும் மனம் பொறுக்கவில்லை. விண்டோஸ் திரையின் வலது மூலையில் ஆக்டிவேட் செய்யச் சொல்லும் மங்கலான எழுத்து, எக்ஸெலின் தலைப்பில் உரிமம் இல்லை என்னும் பட்டை, எஜுகேஷனல் மோடில் (உரிமம் இல்லாத பயிற்சி நிலையில்) மட்டுமே திறக்கும் டேலி கணக்கு மென்பொருள் ஆகிய மூன்றையும் ஒரே கோளாறு என்று நீ எண்ணியிருக்கிறாய். கடைக்காரரும் அப்படியே சொல்லி, ஒரு சிறிய ஃபைலைப் போட்டு எல்லாவற்றையும் ஒரே தடவையில் சரிசெய்து தருவதாகச் சொன்னாராம். அவரிடம் மடிக்கணினியைத் தயவுசெய்து கொடுக்காதே. ஏன் கூடாது என்பதையும் அதற்குப் பதில் நீயே என்ன செய்யலாம் என்பதையும் போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்பதால் எழுதுகிறேன்.

அம்மா, உரிமம் என்பது ஏதாவது ஒன்றோடு கட்டப்பட்டிருக்கும். எதோடு கட்டப்பட்டிருக்கிறது என்று தெரியாமல் கைவைத்தால் நாள்தான் வீணாகும். உன் விண்டோஸ் உரிமம் மடிக்கணினியின் மதர்போர்டோடும், ஆஃபீஸ் உரிமம் ஒரு மின்னஞ்சல் கணக்கோடும், டேலி உரிமம் இன்னும் உன் பழைய மடிக்கணினியோடும் கட்டப்பட்டிருக்கின்றன. மூன்று கட்டும் மூன்று இடத்தில் இருக்கும்போது ஒரே ஃபைல் அவற்றை நியாயமான வழியில் அவிழ்க்கவே முடியாது.

எதையும் தொடுவதற்கு முன் கடிகாரத்தைப் பார். மணி சரியாகத்தான் காட்டுகிறது என்று நீ சொல்வாய். நேர மண்டலத்தையும் சேர்த்துப் பார். புதிதாக நிறுவிய விண்டோஸ் சில சமயம் அமெரிக்கப் பசிபிக் நேரத்தில் வந்து நிற்கும். மண்டலத்தை மாற்றாமல் மணியை மட்டும் யாராவது கையால் திருத்தியிருந்தால், திரையில் நம் ஊர் நேரம் தெரியும். உள்ளே கணினி கணக்கிடும் உலக நேரம் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேலாகத் தவறியிருக்கும். உரிமத்தைச் சரிபார்க்கும் சர்வரோடு பேசும்போது பாதுகாப்புச் சான்றிதழ்களின் தேதி ஒத்துப்போகாமல் இணைப்பு முறியவும், நீ கீயின் (உரிமத்துக்கான எண்ணின்) மேல் பழி போடவும் அதுவே போதும். செட்டிங்ஸில் நேரப் பகுதிக்குப் போய், சென்னை, கொல்கத்தா, மும்பை, புதுதில்லி என்று நான்கு ஊர்ப் பெயர்களோடு இருக்கும் ஐந்தரை மணி நேர மண்டலத்தைத் தேர்ந்தெடுத்து, உடனே ஒத்திசைக்கச் சொல்லும் பொத்தானை அழுத்திவிடு.

அடுத்து டேலி. விண்டோஸ் எழுத்து கண்ணை உறுத்துகிறதே என்று அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. அந்த எழுத்து இருந்தாலும் வேலை நடக்கும். திரையின் பின்னணிப் படத்தையும் நிறத்தையும் மாற்ற விடாது, அவ்வளவுதான். எஜுகேஷனல் மோடில் இருக்கும் டேலியோ மாதத்தில் ஒருசில தேதிகளுக்கு மட்டுமே வவுச்சர் போட விடும். 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டியின் 3பி படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டிய கட்சிக்காரர்களை வைத்துக்கொண்டு அந்த நிலையில் நீ ஒரு நாள்கூட உட்கார்ந்திருக்க முடியாது.

உன்னுடையது சில்வர் உரிமம், ஒரு கணினிக்கு மட்டும். அது பழைய மடிக்கணினியில் இன்னும் உயிரோடு இருப்பதால்தான் புதியதில் ஏறவில்லை. பழையதை இணையத்தோடு இணைத்து, டேலியைத் திறந்து, எஃப்1 அழுத்தி, செட்டிங்ஸ், லைசென்ஸ் என்று உள்ளே போனால் உரிமத்தைச் சரண்டர் செய்யும், அதாவது அந்தக் கணினியிலிருந்து விடுவிக்கும் வழி இருக்கும். டேலி நெட் ஐடியும் கடவுச்சொல்லும் கேட்கும். சரண்டர் முடிந்த பிறகு புதியதில் உரிமத்தை மறுபடி ஆக்டிவேட் செய்தால், பதிவில் உள்ள மின்னஞ்சலுக்கு அன்லாக் கீ வரும். அங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். உரிமம் வாங்கிய காலத்தில் உன் அலுவலகத்தில் இருந்த உதவியாளரின் மின்னஞ்சலைக் கொடுத்ததாக ஒருமுறை சொன்னாய். அவர் வேலையை விட்டுப் போய்விட்டார். சரண்டர் செய்வதற்கு முன்பே டேலியின் உதவி எண்ணை அழைத்து அந்த முகவரியை உன்னுடையதாக மாற்றிக்கொள். இல்லாவிட்டால் உரிமம் பழையதிலும் இல்லாமல் புதியதிலும் இல்லாமல் நடுவில் நிற்கும்.

இன்னொன்றையும் கவனி. புதிய கணினி என்பதால் டேலி பிரைமின் ஆகக் கடைசி வெளியீட்டைத்தான் இறக்கியிருப்பாய். புதிய வெளியீடுகளுக்காகக் கட்டும் உன் டி.எஸ்.எஸ். சந்தா முடிந்திருந்தால், அது முடிந்த பிறகு வந்த வெளியீடுகளுக்கு உன் உரிமம் செல்லாது. கீ சரியாக இருந்தும் டேலி மறுக்க அது ஒரு காரணம். சந்தாவைப் புதுப்பி, அல்லது பழையதில் ஓடிக்கொண்டிருந்த அதே வெளியீட்டை நிறுவு. அதுவரை கட்சிக்காரர்களின் கணக்குகளைப் புதிய வெளியீட்டில் திறந்து பார்க்காதே. மாற்றப்பட்ட கணக்கு பழைய வெளியீட்டில் திறக்காமல் போகலாம். முதலில் பேக்கப், பிறகுதான் மற்றதெல்லாம். பழைய மடிக்கணினியை எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதாக மாப்பிள்ளை சொன்னாரே, இந்த வேலை முடியும் வரை அதை வீட்டைவிட்டு வெளியே அனுப்பாதீர்கள்.

ஆஃபீஸ் விஷயம் நீ நினைப்பதைவிட எளிது. 2013ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து சில்லறையில் விற்கும் ஆஃபீஸ் உரிமம் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு கட்டப்படுகிறது. வாங்கும்போது கீ கொடுத்தாலும், அந்தக் கீயை முதல் தடவை பதிவுசெய்த மின்னஞ்சலுக்கே அது சொந்தமாகிவிடும். உன் ஆஃபீஸ் ஹோம் அண்ட் பிசினஸ் பதிப்பு எந்த மின்னஞ்சலில் பதிவானதோ அதில்தான் நீ உள்நுழைய வேண்டும். கடையில் மடிக்கணினியைத் திறந்து காட்டியபோது உன் பெயரில் அவர்களே ஒரு புதுக் கணக்கைத் தொடங்கினார்கள் என்று சொன்னாய். எக்ஸெலில் ஃபைல், அக்கவுண்ட் என்று போய்ப் பார். அங்கே அந்தப் புதுக் கணக்கின் பெயர் நின்றால் பட்டைக்குக் காரணம் அதுவே. அதிலிருந்து வெளியேறி, உன் சொந்தக் கணக்கில் நுழை. மடிக்கணினியோடு வந்த மைக்ரோசாஃப்ட் 365இன் சோதனைப் பதிப்பும் உன் பதிப்பும் சேர்ந்திருந்தால் ஒன்றையொன்று மறைக்கும். இரண்டையும் நீக்கிவிட்டு, உன் கணக்குப் பக்கத்திலிருந்து உன்னுடையதை மட்டும் இறக்கி நிறுவு. கடைக்காரர் தொடங்கிய கணக்கின் கடவுச்சொல்லை அவரிடமிருந்து எழுதி வாங்கி, உடனே மாற்றி, மீட்பு எண்ணாக உன் செல்பேசியை வை. மடிக்கணினியோடு வந்த சலுகைகள் அந்தக் கணக்கில் ஏறியிருக்கலாம். டிஸ்க் என்கிரிப்ஷன் (டிஸ்கைப் பூட்டிவைக்கும் வசதி) ஓடிக்கொண்டிருந்தால் அதன் மீட்பு எண்ணும் அங்கேதான் போய்ச் சேர்ந்திருக்கும். கணக்குத் தணிக்கை செய்கிற ஒருத்தியின் மடிக்கணினிச் சாவி இன்னொருவர் கையில் இருக்கலாமா?

இனி விண்டோஸ். பழைய மடிக்கணினியின் கீயை இதில் போடலாமா என்று கேட்டாய். போட முடியாது. அது கணினியோடு சேர்த்து விற்ற ஓ.இ.எம். உரிமம், அந்த மதர்போர்டோடு பிறந்து அதோடே முடியும். தனியாகக் கடையில் வாங்கிய சில்லறை உரிமத்தை மட்டுமே இடம் மாற்றலாம். ஆனால் உனக்கு அது தேவையே இல்லை, ஏனென்றால் புதிய மடிக்கணினிக்கும் அதற்கென்றே ஓர் உரிமம் இருக்கிறது. 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல், பெரிய நிறுவனங்கள் தயாரிக்கும் கணினிகளில் 25 எழுத்துகள் கொண்ட கீயை மதர்போர்டின் ஃபர்ம்வேரிலேயே (அதிலேயே பதிந்திருக்கும் மென்பொருளில்) எழுதிவிடுகிறார்கள். அதற்கு முன்பு மடிக்கணினியின் அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் வேலையை இப்போது அது செய்கிறது. விண்டோஸை மறுபடி நிறுவினாலும் அந்தக் கீயை அதுவே படித்துக்கொள்ளும்.

அப்படியானால் உன்னுடையது ஏன் படிக்கவில்லை? உன் பில்லில் விண்டோஸ் 11 ஹோம் என்று இருக்கிறது. திரையிலோ ப்ரோ என்ற வேறு பதிப்பின் பெயர் வருகிறது என்றாய். மதர்போர்டில் இருப்பது ஹோமின் கீ, கடையில் மேலே நிறுவியது ப்ரோ. ஆகவே இரண்டும் பொருந்தவில்லை என்பதே என் முடிவு. உறுதிசெய்ய ஒரு வழி உண்டு. விண்டோஸ் பொத்தானோடு ஆர் எழுத்தை அழுத்து. திறக்கும் சிறு கட்டத்தில் எஸ், எல், எம், ஜி, ஆர் என்ற ஐந்து எழுத்துகளைச் சேர்த்து அடித்து, ஓர் இடைவெளி விட்டு, ஒரு சாய்கோடும் அதையொட்டி டி, எல், ஐ எழுத்துகளும் அடித்து என்டர் கொடு. சில விநாடிகள் ஒன்றும் நடக்காததுபோல் இருந்து, பிறகு ஒரு பெட்டி திறக்கும். அதில் விண்டோஸின் பதிப்பும், கீயின் கடைசி ஐந்து எழுத்துகளும், உரிமம் எந்தச் சேனலை (விற்பனை வகையை) சேர்ந்தது என்பதும் வரிவரியாக இருக்கும். ஓ.இ.எம். டி.எம். என்று இருந்தால் மதர்போர்டின் கீ எடுபட்டிருக்கிறது. ரீடெய்ல் என்றால் யாராவது தனிக் கீ போட்டிருக்கலாம். கே.எம்.எஸ். கிளையன்ட் என்று இருந்தால் எனக்கு உடனே போன் செய்.

அந்தக் கடைசிச் சொல்லைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கே.எம்.எஸ். என்பது கல்லூரிகளும் பெரிய அலுவலகங்களும் தங்கள் வளாகத்துக்குள்ளேயே ஒரு சர்வரை வைத்து நூற்றுக்கணக்கான கணினிகளை ஆக்டிவேட் செய்யும் முறை. நான் கல்லூரி ஆய்வகத்தைப் பார்த்துக்கொண்ட காலத்தில் எங்களுக்கும் அது இருந்தது. குறைந்தது 25 கணினிகள் கேட்டால்தான் அந்த சர்வர் விண்டோஸ் கணினிகளுக்கு வாய்திறக்கும். கொடுக்கும் அனுமதியும் 180 நாட்களுக்குத்தான், அதற்குள் கணினி மறுபடி சர்வரைத் தேடிப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். கடைகளில் போடும் அந்தச் "சிறிய ஃபைல்" உன் மடிக்கணினிக்குள்ளேயே ஒரு போலி சர்வரை உட்காரவைத்து, அது ஏதோ பெரிய அலுவலகத்தின் கணினி என்று விண்டோஸை நம்பவைக்கிறது. அதை ஓட்டுவதற்கு முன் ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்வார்கள். காவல்காரனை வெளியே அனுப்பிவிட்டு முன்பின் தெரியாத ஆளை வீட்டுக்குள் விடுவது போன்ற காரியம் அது. உன் கணினியில் எத்தனை பேருடைய பான் எண், வங்கி விவரம், ஜிஎஸ்டி கடவுச்சொல் இருக்கின்றன என்பது என்னைவிட உனக்குத்தான் தெரியும். டிஜிட்டல் கையொப்ப டோக்கனையும் அதில்தான் செருகுகிறாய். சட்டமும் இருக்கிறது: 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு, திருட்டுப் பிரதி என்று தெரிந்தே ஒரு மென்பொருளைக் கணினியில் பயன்படுத்துகிறவருக்குச் சிறைத்தண்டனை வரை போகிறது. சில நூறு ரூபாய்க்கு இணையத்தில் விற்கும் ப்ரோ கீயும் வேண்டாம். அவற்றில் பல, நிறுவனங்களுக்கென்று கொடுத்ததைப் பிரித்து விற்பவை. பிறகு ஒரு நாள் முடக்கப்படும், கேட்க ஆள் இருக்காது.

உன் சிக்கலுக்கு நேர்வழி இரண்டு. ப்ரோ உண்மையிலேயே வேண்டுமென்றால், செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்திலிருந்தே மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் முழு விலை கொடுத்து வாங்கலாம். ஆனால் மூன்று பேர் வேலை செய்யும் உன் அலுவலகத்தில் டொமைன் (எல்லாக் கணினிகளையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் அமைப்பு) கிடையாது, வெளியிலிருந்து இந்த மடிக்கணினிக்குள் ரிமோட் டெஸ்க்டாப்பில் வருவோரும் இல்லை. உனக்கு ஹோமே போதும் என்பது என் கருத்து. மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து நிறுவல் பென் டிரைவ் தயாரித்து, பில்லில் உள்ளபடியே ஹோமைச் சுத்தமாக நிறுவினால், இணையத்தில் இணைந்ததும் அது தானாக ஆக்டிவேட் ஆகிவிட வேண்டும். சி டிரைவ் முழுதும் அழியும் என்பதால், ஆஃபீஸை நிறுவும் முன்பும் டேலி உரிமத்தைப் புதியதில் ஏற்றும் முன்பும் இதைச் செய்துவிடுவது நல்லது. டேலி உரிமத்தை ஏற்றிவிட்டால் மறுபடி சரண்டர் செய்யாமல் விண்டோஸை அழிக்கக் கூடாது. நாள் நெருங்கிவிட்டால் 20ஆம் தேதி வரை பழைய மடிக்கணினியிலேயே டேலியை ஓட்டு. உரிமம் இப்போது அங்கேதானே இருக்கிறது, அதைத் தாக்கல் முடிந்தபின் சரண்டர் செய்துகொள்ளலாம்.

மறுபடி நிறுவிய பிறகும் ஆக்டிவேட் ஆகாமல் பிழை எண் வந்தால், அதன் கடைசி நான்கு எழுத்துகளைப் பார். எஃப்074 என்றால் கணினி இன்னும் கே.எம்.எஸ். சர்வரைத் தேடுகிறது என்று பொருள். 7001 என்றால் இந்தக் கணினிக்குரிய உரிமம் எதுவும் கிடைக்கவில்லை. பதிப்பு ஹோம்தானா என்று மறுபடி சரிபார். சி008 என்றால் அந்தக் கீ வேறு கணினிகளில் ஏற்கெனவே அளவுக்கு மேல் பயன்பட்டிருக்கிறது. அப்போது பில்லை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகாமல், மடிக்கணினி தயாரித்த நிறுவனத்தின் சேவை மையத்துக்கு நேராகப் போ.

இப்போதைக்கு அந்த டி.எல்.ஐ. பெட்டியையும், எக்ஸெலின் அக்கவுண்ட் பக்கத்தையும், டேலியின் டி.எஸ்.எஸ். முடியும் தேதியையும் படம் எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு. கடவுச்சொல் எதையும் படத்தில் சேர்க்காதே. சனிக்கிழமை மாப்பிள்ளை வீட்டில் இருப்பார் என்றால் அன்று காலை வீடியோ காலில் இருந்துகொண்டே பென் டிரைவ் வேலையைச் சேர்ந்து செய்வோம். அதற்குள் 8 ஜிபிக்குக் குறையாத பென் டிரைவ் ஒன்றைக் காலியாக வைத்திரு.

அன்புடன்,
அப்பா