செல் செத்தால் வைரஸும் போகும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூலிகைச் சாறு, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸை அழிப்பதாக நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். இதே வேலையைச் சில வருடங்கள் ஆய்வுக்கூடத்தில் செய்தவன் என்பதால் எழுதுகிறேன்.

96 குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டில் கல்லீரல் புற்றுச் செல்களை வளர்த்து, வைரஸைத் தொற்றவிட்டு, சாற்றைக் கலப்போம். ஒருமுறை ஒரு வரிசை முழுக்க வைரஸ் அளவு அதலபாதாளத்துக்குப் போய்விட்டது. எல்லோருக்கும் ஒரே குஷி. அப்புறம் நுண்ணோக்கியில் பார்த்தால் செல்களே செத்து மிதக்கின்றன! வீடே இடிந்தபின் குடியிருந்தவன் எங்கே இருப்பான்? அதனால்தான் வைரஸைப் பாதியாகக் குறைக்கும் அளவோடு, செல்களில் பாதியைக் கொல்லும் அளவையும் சேர்த்துப் பார்ப்போம். இரண்டுக்கும் நடுவே நல்ல இடைவெளி இருந்தால்தான் அந்தச் சாற்றைப் பிரித்து, எந்தச் சேர்மம் வேலை செய்கிறது என்று தேடுவோம். உங்கள் கட்டுரையில் முதல் எண் மட்டும்தான் இருந்தது.

மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற சேர்மம் வேறு வகைத் தலைவலி. அதன் நிறமும் ஒளிர்வும் அளவெடுக்கும் கருவியையே ஏமாற்றிவிடும்.

தட்டைத் தாண்டி மனிதர்கள் வரை வந்தது, மில்க் திஸில் என்ற செடியின் விதைச் சாறான சிலிமாரின். இன்டர்ஃபெரான் என்ற பழைய ஊசி மருந்தில் ஹெபடைடிஸ் சி குணமாகாத 154 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2012-இல் வெளியானது. 24 வாரம் விழுங்கியும், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட இவர்களுக்குக் கல்லீரல் என்சைமோ வைரஸோ கூடுதலாகக் குறையவில்லை. அதே சாற்றின் முக்கியச் சேர்மமான சிலிபினினை நரம்பில் ஏற்றியபோது வைரஸ் குறைந்தது. ஆக, செடியைப் பொய் என்று தள்ளவும் முடியாது. வாய்வழி போனால் ரத்தத்தில் போதிய அளவு நிற்பதில்லை.

கட்டுரையில் ஒரு பிழையும் உண்டு. கீழாநெல்லி பற்றிய 1988 ஆய்வு ஹெபடைடிஸ் பி நோய்க்கானது. சி வைரஸ் அடையாளம் காணப்பட்டதே 1989-இல்தான். அந்த பி முடிவும் பிற்பாடு நடந்த சோதனைகளில் உறுதிப்படவில்லை.

இன்று ஹெபடைடிஸ் சி-க்குத் தரப்படும் சோஃபோஸ்புவிர் அடங்கிய கூட்டு மாத்திரைகளைப் பெரும்பாலும் 12 வாரம் சாப்பிட்டால், நூற்றில் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் குணமாகிறார்கள். கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்த மாத்திரையோடு செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகையைச் சேர்த்தால் மருந்தின் அளவு ரத்தத்தில் குறைந்துவிடும் என்பதும் இல்லை. அடுத்த இதழில் ஒரு திருத்தம் போட்டு, இந்த இரண்டையும் அதில் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்