√8-க்கு என்ன குறைச்சல்?

கேத்தி, நீலகிரி
ஜனவரி, ஞாயிறு காலை

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. உடனே பதில் போடாததற்குக் காரணம் சோம்பல் இல்லை, பனி. இங்கே பத்து நாளாக உறைபனி. காலையில் கதவைத் திறந்தால் புல்லெல்லாம் உப்பைத் தூவியது போல வெளுத்துக் கிடக்கிறது. பேனாவைப் பிடித்தால் விரல் விறைத்துக்கொள்கிறது. அதனால்தான் கைபேசியில் தட்டுகிறேன். கீபோர்டை மாற்றி மாற்றித் தட்டப் பொறுமை இல்லை, ஆகவே எக்ஸ், ஒய் எல்லாம் தமிழிலேயே வரும். கணக்கு வாத்தியார் எழுதுகிற லட்சணமா இது என்று கேட்காதே.

இங்கே எல்லோரும் சுகம். வீட்டுக்காரிக்குச் சளி விட்டபாடில்லை. எனக்கு முழங்கால். அதைத் தவிர சொல்ல ஒன்றுமில்லை. நீ அங்கே கும்பகோணத்தில் மின்விசிறியைப் போட்டுக்கொண்டு பொங்கல் சாப்பிட்டிருப்பாய்.

உன் கடிதத்தில் நீ போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் என்னைப் பிடித்துக்கொண்டது. "√8-ஐ ஏன் தாத்தா 2√2 என்று மாற்றி எழுதணும், √8-க்கு என்ன குறைச்சல்?" என்று உன் பேத்தி கேட்டாளாம், நீ "டீச்சர் சொன்னபடி எழுது" என்று சொல்லிவிட்டாயாம். முப்பது வருஷம் வங்கியில் உட்கார்ந்த புத்தி! அவள் கேட்டது நல்ல கேள்வி. √8-க்கு ஒரு குறைச்சலும் இல்லை. இரண்டும் ஒரே எண்தான். தனியாக நிற்கும்வரை எப்படி எழுதினாலும் சரி. பக்கத்தில் இன்னொன்று வந்து உட்காரும்போதுதான் வித்தியாசம் தெரியும். √8 + √18 எவ்வளவு என்று கேட்டுப் பார். பாதிப் பிள்ளைகள் √26 என்பார்கள். √8 ஏறத்தாழ 2.83, √18 ஏறத்தாழ 4.24, கூட்டினால் 7-க்கு மேல். √26 ஐந்தைத் தாண்டிக் கொஞ்சம்தான். ஆக அது தப்பு. 8 என்பது 4 × 2, அதில் 4 மட்டும் மூலத்தை விட்டு 2 ஆக வெளியே வரும். 18 என்பது 9 × 2, அதில் 9 மட்டும் 3 ஆக வெளியே வரும். இப்போது 2√2-ம் 3√2-ம் ஒரே இனம். இரண்டு கட்டு முள்ளங்கியும் மூன்று கட்டு முள்ளங்கியும் ஐந்து கட்டு. 5√2. சுருக்குவது அழகுக்காக இல்லை, யார் யாருக்குச் சொந்தம் என்று தெரிந்துகொள்வதற்காக.

√2 மாதிரி, மூலத்தை விட்டு முழுசாக வெளியே வராத எண்களுக்கு நாம் படித்தபோது முறுடு என்று பெயர். இப்போதைய புத்தகத்தில் விகிதமுறா மூலம். எனக்கென்னவோ பழைய பெயர்தான் பிடித்திருக்கிறது. பெயரிலேயே ஒரு முரட்டுத்தனம்.

பின்னத்தின் கீழே, பகுதியில் √ இருக்கக் கூடாது என்று அடிப்பார்களே, அதையும் அவள் கேட்பாள், தயாராக இரு. 1/√2 என்பதை √2/2 என்று எழுதுவதற்குப் பழைய காரணம் ரொம்பச் சாதாரணமானது. √2 ஏறத்தாழ 1.414. கால்குலேட்டர் இல்லாத காலத்தில் 1-ஐ 1.414-ஆல் வகுத்துப் பார், பிராணன் போகும். 1.414-ஐ 2-ஆல் வகுப்பது நொடி வேலை. மடக்கை அட்டவணையைப் புரட்டிய நமக்கு அது தெரியும். இன்றைக்கு அந்தக் காரணம் செத்துவிட்டது, வழக்கம் மட்டும் மிச்சம். விடைகளை ஒப்பிட வசதி என்று வேண்டுமானால் சொல்லலாம்.

சரி, என் வராந்தா வகுப்புக்கு வருகிறேன். மாலை ஐந்தரைக்கு ஐந்து பிள்ளைகள் வருகிறார்கள், எல்லோரும் பத்தாம் வகுப்பு. பொதுத்தேர்வு நெருங்குகிறது. ஒரு பையனின் அம்மா நடுராத்திரியில் கேரட் பிடுங்கப் போகிறவர். விடிவதற்குள் கேரட்டைக் கழுவி, மூட்டை கட்டி, மேட்டுப்பாளையம் மண்டிக்கு லாரி ஏற்றியாக வேண்டும். அவர் கிளம்புகிற சத்தத்தில் இவனும் விழித்துக்கொள்கிறான், மாலையில் என் வகுப்பில் தூங்குகிறான். நான் எழுப்புவதில்லை.

போன செவ்வாய்க்கிழமை கிராஃப். 8 மதிப்பெண், விட்டுக்கொடுக்க முடியாது. நான் கொடுத்த கணக்கு: எக்ஸ்² − 4எக்ஸ் − 1 = 0, வரைந்து தீர்வு காண். எக்ஸ் −1 முதல் 5 வரை அட்டவணை போட்டார்கள். ஒய் மதிப்புகள் 4, −1, −4, −5, −4, −1, 4. ஒருவனுக்கு மட்டும் முதல் மதிப்பு 2 வந்தது. வழக்கமான வியாதி: −1-ஐ வர்க்கப்படுத்தி −1 என்றே எழுதியிருக்கிறான். ஆனால் அவனே கண்டுபிடித்துவிட்டான். "சார், ஒரு தோள் எறங்கிக் கெடக்கு" என்றான். வரைபடத்தின் நல்ல குணமே அதுதான், தப்பு கண்ணில் குத்தும். அட்டவணையில் குத்தாது.

இன்னொருத்தி புள்ளிகளை ஸ்கேல் வைத்து இணைத்திருந்தாள். அடியில் ஊசிமுனை. "குன்னூர் பஸ் கொண்டை ஊசி வளைவில் எப்படித் திரும்புது? டிரைவர் ஒடிச்சா திருப்புறார்?" என்றேன். சிரித்துக்கொண்டே அழித்தாள்.

அப்புறம் ஒரு விஷயம் காட்டினேன். வளைகோட்டின் அடிப்புள்ளி, அதாவது முனை, (2, −5). அங்கிருந்து வலப்பக்கம் ஒரு கட்டம் போனால் மேலே 1 ஏறுகிறது. அடுத்த கட்டத்துக்கு 3. அடுத்ததற்கு 5. இடப்பக்கமும் அப்படியே. எக்ஸ்²-க்கு முன்னால் வேறு எண் இல்லாத எல்லாப் பரவளையத்துக்கும் (இந்தக் கிண்ண வளைகோட்டின் பெயர் அது) இதே 1, 3, 5, 7 தான். முனையைக் கண்டுபிடித்துவிட்டால் அட்டவணையே இல்லாமல் வரைந்துவிடலாம். தேர்வில் அட்டவணைக்கு மதிப்பெண் உண்டு, அதனால் போட்டுத்தான் ஆக வேண்டும், அது வேறு. கீழே விழுகிற கல்லுக்கும் இதே கணக்கு. முதல் வினாடியில் ஏறத்தாழ 5 மீட்டர், இரண்டாவதில் 15, மூன்றாவதில் 25. ஒன்றுக்கு மூன்று, ஐந்து. நான் இதைச் சொன்னதும், ஸ்கேல் வைத்தவள் நிமிர்ந்து, "அப்ப எங்க தோட்டத்து ஸ்பிரிங்க்ளர் தண்ணியும் இதுதானா சார், கவுத்துப் போட்டது?" என்றாள். அவள் அப்பா விடியற்காலையில் பனி கருக்காமல் இருக்கப் பயிருக்குத் தண்ணீர் அடிக்கிறார். தினமும் பார்க்கிற பிள்ளை. அதேதான் என்றேன், எக்ஸ்²-க்கு முன்னால் ஒரு கழித்தல் குறி போட்டால் கிண்ணம் கவிழ்ந்துகொள்ளும். உடனே இன்னொருவன் கரண்ட் கம்பி தொங்குவதும் பரவளையம்தானே என்றான். பார்க்க அப்படித்தான் இருக்கும், ஆனால் இல்லை. கலிலியோவே அதைப் பரவளையத்துக்கு மிக நெருக்கம் என்று எழுதியவர், இவன் ஏமாந்தால் என்ன.

இனிமேல்தான் விஷயமே. வளைகோடு வலப்பக்கம் எக்ஸ் அச்சை எங்கே வெட்டுகிறது? ஒருத்தி 4.2 என்றாள். ஒருவன் 4.3. தூங்கி எழுந்தவன் நடுவர் மாதிரி 4.25 என்றான். பென்சிலின் கனமே அரை மில்லிமீட்டர், யாரைக் குற்றம் சொல்வது? சரி, இருபடிச் சமன்பாட்டுச் சூத்திரத்தில் போடுங்கள் என்றேன். (4 ± √20)/2 வரை எல்லோரும் ஒன்றாக வந்தார்கள். அதற்குமேல் மூன்று கட்சி. 4-ஐ மட்டும் வகுத்துவிட்டு 2 ± √20 என்று ஒரு கட்சி. 20-ஐயும் பாதியாக்கி 2 ± √10 என்று ஒரு கட்சி. ஸ்பிரிங்க்ளர் வீட்டுப் பெண் மட்டும் √20-ஐ 2√5 ஆக்கிவிட்டு வகுத்தாள். 2 ± √5. உன் பேத்தியின் கேள்வி அன்றைக்கு எனக்குக் கிடைத்திருந்தால் இந்த இடத்தில் பயன்படுத்தியிருப்பேன்.

மாப்ளே, இத்தனை வருஷம் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தும் நான் செய்யாத ஒன்றை அன்றைக்குச் செய்தேன். புத்தகத்தில் முறுடு ஒரு வகுப்பில் வருகிறது, கிராஃப் அடுத்த வகுப்பில். இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று நானும் வாயால் சொல்லியிருக்கிறேன், கண்ணால் காட்டியதில்லை. 2 ± √5 என்றால் என்ன? 2-ல் நின்றுகொள், வலப்பக்கம் √5, இடப்பக்கம் √5. அந்த 2 முனைக்கு நேர் மேலே இருக்கிற இடம். சூத்திரம் மொத்தமும் இவ்வளவுதான்: நடுவில் நில், இரண்டு பக்கமும் ஒரே தூரம் போ. சரி, √5 தூரத்தை எப்படி அளப்பது? கிராஃப் தாளில் 2 கட்டம் குறுக்கே, 1 கட்டம் மேலே போய் மூலைவிட்டம் போட்டால் அதன் நீளம் √5. 4 + 1 = 5, அவ்வளவுதான். காம்பஸை அந்த மூலைவிட்டத்துக்கு விரித்து, முள்ளை (2, 0)-ல் ஊன்றி, எக்ஸ் அச்சில் இரண்டு பக்கமும் வெட்டச் சொன்னேன். இரண்டு அச்சுக்கும் 1 செ.மீ. = 1 அலகு என்று எடுத்திருந்தது அதிர்ஷ்டம், இல்லாவிட்டால் மானம் போயிருக்கும். வில் இரண்டும் வளைகோடு அச்சை வெட்டிய அதே இடத்தில் போய் விழுந்தன. ஐந்து பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. 4.3 சொன்னவன் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். தசமத்தில் 4.236… என்று நீண்டுகொண்டே போகிற ஒன்று, காம்பஸ் காலுக்கு நடுவில் அசையாமல் நின்றது.

தூங்குமூஞ்சி கேட்டான், "இந்தச் சூத்திரத்த யார் சார் கண்டுபிடிச்சது?" ஸ்ரீதரர் கதையைச் சொன்னேன். ஏஎக்ஸ்² + பிஎக்ஸ் = சி என்கிற சமன்பாட்டை முழுக்க 4ஏ-ஆல் பெருக்கு, இரண்டு பக்கமும் பி² சேர், இடப்பக்கம் வர்க்கமாகிவிடும் என்றவர். அவருடைய இயற்கணித நூல் நமக்குக் கிடைக்கவில்லை, பன்னிரண்டாம் நூற்றாண்டில் பாஸ்கரர் எடுத்துச் சொன்னதால் இந்த விதி பிழைத்தது. "புத்தகம் தொலைஞ்சும் கணக்கு தொலையலையே" என்று அவனுக்கு வருத்தம்.

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பழம்பாட்டையும் போட்டுப் பார்த்தேன். செங்கோண முக்கோணத்தின் பெரிய பக்கத்தில் எட்டில் ஒரு பங்கைக் கழித்து, சின்னப் பக்கத்தில் பாதியைச் சேர்த்தால் கர்ணம் வரும், பிதாகரஸ் எதற்கு, மூலம் எதற்கு என்று மார்தட்டியிருந்தார்களே, அது. 3-க்கும் 4-க்கும் சரியாக 5 வருகிறது. 5-க்கும் 12-க்கும் 13. அதோடு நிறுத்திக்கொண்டால் அதிசயம்தான். 10 அடிக்கு 10 அடி அறையின் மூலைவிட்டத்துக்குப் போட்டால் 13.75 அடி வருகிறது. உண்மையில் 10√2, அதாவது 14.14 அடி. கிட்டத்தட்ட ஐந்து அங்குலம் குறைச்சல். தச்சர் அந்தக் கணக்கில் சட்டத்தை அறுத்தால் மறு மூலையை எட்டாது. குத்துமதிப்புக்கு அருமையான வழி, அதை மறுக்கவில்லை. மூலத்துக்கு மாற்று என்று மட்டும் சொல்லாதே.

ஏப்ரல் கடைசியில் வருவதாக எழுதியிருக்கிறாய். வா, ஆனால் காரில் வருவதானால் இ-பாஸ் எடுத்துக்கொண்டு வா, கல்லாறு சோதனைச் சாவடியில் நின்று எனக்குப் போன் போடாதே. பேத்தியையும் கூட்டி வா. குன்னூரிலிருந்து ரயிலில் ஏறினால் கேத்தி ஸ்டேஷனில் இறக்கிக்கொள்கிறேன்.

அதற்கு முன்னால் அவளுக்கு ஒரு கணக்கு கொடு: எக்ஸ்² − 6எக்ஸ் + 7 = 0. முனையைக் கண்டுபிடித்து 1, 3, 5 முறையில் வரையட்டும், அப்புறம் சூத்திரத்தில் போடட்டும். நடுவில் ஒரு இடத்தில் அவளுடைய √8 வந்து நிற்கும். முன்கூட்டிச் சொல்லிவிடாதே, அவளாகப் பார்க்கட்டும். என்ன செய்தாள் என்று எழுது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்