நம் கடை குவே தியாவ் பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

சுங்கை சிப்புட், மலேசியா

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

இரண்டு வாரமாக வாட்ஸ்அப்பில் சுற்றும் அந்தப் படத்தை நானும் பார்த்துவிட்டேன். நம் கடையில் வறுக்கும் பட்டை அரிசி நூடுல்ஸ், சார் குவே தியாவ்தான், நம் பச்சைத் தட்டுதான், மறுக்கவில்லை. அடியில் கறுப்புச் சாறு தேங்கி நிற்கிறது, தாவ்கே என்ற முளைப்பயறு துவண்டு கிடக்கிறது. "நெருப்பு வாசமே இல்லை, கெராங் சிப்பி நாலே நாலு" என்று எழுதியிருந்தார்கள். சரி, அதை ஏற்றுக்கொள்கிறேன். அதற்குக் கீழே இன்னொருவர், "தமிழன் கைக்குச் சீனச் சமையல் எப்படி வரும்?" என்று கேட்டிருந்தார். அதுதான் இரண்டு நாள் தூங்கவிடவில்லை.

பழைய ஆட்களுக்குத் தெரியும், இந்த அடுப்பு முதலில் சீன அங்கிளுடையது. நான் தோட்டத்திலிருந்து வந்து இங்கே தட்டுக் கழுவச் சேர்ந்தவன். முதல் இரண்டு வருடம் குவாலியை, அதாவது வறுக்கும் இரும்புச் சட்டியை, தொடவே விடவில்லை. காலையில் ஈப்போவிலிருந்து வரும் குவே தியாவை ஒட்டாமல் கையால் பிரித்துப் போடுவதுதான் வேலை. அன்றைக்கு வந்ததை அன்றைக்கே வறுத்துவிட வேண்டும்; ஐஸ் பெட்டியில் வைத்தால் விறைத்துப்போய், குவாலியில் விழுந்ததும் துண்டு துண்டாகிவிடும். இன்றைக்கும் நான் அப்படித்தான் செய்கிறேன்.

எந்தச் சீனக் கடைக்குப் போனாலும் அங்கிள் முதலில் ஒரு தட்டு குவே தியாவ்தான் கேட்பார். தின்று முடித்ததும் வெறும் தட்டைச் சாய்த்துப் பார்ப்பார். சாறு ஓடினால் அந்தக் கடைக்கு மறுபடி போகமாட்டார். கன்டோனீஸ் சமையலில் மாட்டிறைச்சி போட்டு வறுக்கும் ஹோர் ஃபன் என்ற பட்டை அரிசி நூடுல்ஸை வைத்துச் சமையல்காரரின் கையைச் சோதிப்பார்கள், அதே கணக்குதான். குவாலி புகைகிற சூட்டில் இருந்தால், ஊற்றிய கிச்சாப் (சோயா சாறு) இரும்பில் பட்டதுமே லேசாகக் கருகி குவே தியாவில் ஒட்டிக்கொள்ளும். அந்த வாசத்தைத்தான் அவர்கள் வாக் ஹேய், குவாலியின் மூச்சு என்கிறார்கள். ஒரே நேரத்தில் நிறையக் கொட்டினால் சூடு இறங்கும், தாவ்கே தண்ணீர் விடும். அப்புறம் வறுவலாவது ஒன்றாவது, அவியல்தான். ஆகவே ஒரே தட்டை வைத்து என் கடையை எடை போட்டதில் எனக்கு வருத்தமில்லை. நானும் மற்ற கடைகளை அப்படித்தான் பார்க்கிறேன்.

படத்தில் இருப்பது ஒரு சனிக்கிழமை இரவு, கோவில் திருவிழாக் கூட்டம். எட்டு வருடம் என்னோடு அடுப்படியில் நின்ற தம்பி அதற்கு முந்தின வாரம்தான் சிங்கப்பூருக்குப் போனான். அங்கே ஒரு டாலர் இங்கே மூன்று ரிங்கிட்டுக்கு மேல். போகாதே என்று எந்த வாயால் சொல்வது? அன்று மூன்று தட்டை ஒன்றாகப் போட்டுவிட்டேன். போட்டிருக்கக் கூடாது. தப்பு அவசரத்தால் வந்தது, தமிழன் என்பதால் வரவில்லை.

பன்றிக்கொழுப்பு போடுவதில்லை என்றும் ஒரு குறை. கடை என் கைக்கு வந்த நாளிலிருந்தே போடவில்லை. நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் தொடமாட்டார்கள் என்பது உங்களுக்கே தெரியும். தினமும் காலையில் கோழித்தோலை உருக்கி அந்தக் கொழுப்பில் வறுக்கிறேன். கெராங்கைக் கடைசி நொடியில்தான் போடுவேன், முன்னால் போட்டால் ரப்பர். அது கோலா செபத்தாங்கிலிருந்து வருகிறது. கடலோரத்தில் விளைச்சல் பல வருடமாகவே குறைந்துகொண்டு வருவதால் முன்புபோல் அள்ளிப் போட முடியவில்லை.

2025 ஆகஸ்ட் முதல் தேதி முட்டை மானியம் போனது. அதே நாளில்தான் எங்களைப் போன்ற ஐந்து வேலையாட்களுக்குக் குறைவான கடைகளுக்கும் 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளம் வந்தது. இவ்வளவு நாள் சமாளித்தோம். அடுத்த மாதம் முதல் தட்டுக்கு ஒரு ரிங்கிட் கூடும், செவ்வாய் விடுமுறை.

இனி எவ்வளவு கூட்டம் வந்தாலும் ஒரு தடவைக்கு ஒரு தட்டுதான். அக்கா மகள் என்னோடு நின்று பழகுகிறாள், கொஞ்சம் காத்திருங்கள். படம் சுற்றிய மறுநாளே வந்து, "அவசரமில்லை அண்ணே, தனியாகவே போடுங்கள்" என்று சொன்ன எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் சாப்பிட்டு முடித்துத் தட்டைச் சாய்த்து எனக்குக் காட்டிவிட்டுப் போனார். ஒரு சொட்டு ஓடவில்லை.

படம் எடுத்தவர் யாரென்று தெரியும், சொல்ல மாட்டேன். ஒரு நாள் வாருங்கள், அந்தத் தட்டுக்குக் காசு வேண்டாம். கெராங் போடவா வேண்டாமா என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கடைக்காரர்