கச்சேரி முடிஞ்சதும் லைட்டை அணைக்காதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மார்கழி வந்தா உங்க பேப்பர்ல கச்சேரி பட்டியல் போடறீங்க, எந்த சபா கேன்டீன்ல கீரை வடை நல்லா இருக்குன்னு கூட போடறீங்க, நானும் ஒரு வரி விடாம படிக்கறவன் தான். அந்தப் பக்கத்துலயே ஒரு மூலைல, கச்சேரி ரெக்கார்டிங்கை அன்னைக்கே காப்பி எடுத்து வைக்கறதைப் பத்தின இந்தக் கடிதத்தையும் போட்டா புண்ணியமா போகும். நான் சைதாப்பேட்டைக்காரன், இருபது வருஷமா மைக் செட், சவுண்டு, ரெக்கார்டிங்னு ஓடிட்டு இருக்கேன், டிசம்பர் ஜனவரி ரெண்டு மாசமும் மயிலாப்பூர், தி.நகர்ல தான் பொழப்பு.

நாலு வருஷம் முன்னாடி ஒரு சபால சாயந்திர கச்சேரி. என்கிட்ட இருக்கற ரெக்கார்டர்ல எட்டு ட்ராக், அதாவது எட்டு மைக் சத்தத்தைத் தனித்தனியா பதியலாம். பாட்டுக்கு ஒண்ணு, வயலினுக்கு ஒண்ணு, மிருதங்கத்துக்கு ரெண்டு, கடத்துக்கு ஒண்ணு, தம்புராக்கு ஒண்ணு, ஜனங்க கைதட்டலுக்கு ஹால்ல ரெண்டு. அன்னைக்கு மிருதங்கம் வாசிச்சவர் வயசானவர், தனி ஆவர்த்தனம், அதான் தாள வாத்தியம் மட்டும் தனியா வாசிக்கற பகுதி, இருபது நிமிஷம் போச்சு, கேன்டீனுக்குக் கிளம்பி எழுந்தவங்க கூட வாசல்லயே நின்னு கேட்டாங்க. முடிஞ்சு நான் ஒயர் சுத்திட்டு இருக்கும்போதே வாட்ச்மேன் பாதி லைட்டை அணைச்சிட்டார், "கிளம்புங்க சார், காலைல ஏழு மணிக்கு அடுத்த ப்ரோக்ராம்"னு. சரி காலைல ஹார்ட் டிஸ்க்குக்கு காப்பி எடுத்துக்கலாம்னு, ரெக்கார்டிங் பதிஞ்ச மெமரி கார்டை மெஷின்லயே விட்டுட்டுப் போயிட்டேன். மறுநாள் விடியக்காலை வேற சபா, கூட வந்த பையன் கார்டு ஃபுல்லா இருக்குமோன்னு ஃபார்மேட் அடிச்சு ரெடியா வெச்சிட்டான், நானும் பாக்காம ரெக்கார்டு பட்டனை அமுக்கிட்டேன். பையனைத் திட்டி என்ன பிரயோஜனம், காப்பி எடுக்காதது நான்.

ஃபார்மேட் பண்ணினா மட்டும் உள்ள இருக்கறது உடனே அழிஞ்சிடாது, எந்த ஃபைல் எங்க இருக்குங்கற பட்டியல் தான் போகும், அது மேல வேற எதையும் எழுதாம அப்படியே கழட்டி வெச்சிட்டா தேடி எடுக்கற சாஃப்ட்வேர் இருக்கு, போட்டோரெக்னு ஒண்ணு இலவசமாவே கிடைக்குது. ஆனா நான் அது மேலயே ரெண்டரை மணி நேரம் எழுதிட்டேனே. அதுவும் இல்லாம இந்த மெஷின் எட்டு ட்ராக்கையும் ஒரே நேரத்துல எழுதறதால கார்டுக்குள்ள எல்லாம் துண்டு துண்டா மாத்தி மாத்திக் கிடக்கும், கோர்த்து எடுக்கறது லேசுப்பட்ட வேலை இல்ல. ராத்திரி பூரா ஓட்டிப் பாத்தேன், வந்ததெல்லாம் அன்னைக்குக் காலைல பாடினவங்க தான்.

அடுத்த வருஷம் அந்த மிருதங்கக்காரர் காலமாயிட்டார். அவர் பையன் என்னைத் தேடி வீட்டுக்கே வந்தார், "அப்பாவோட தனி மட்டும் வேணும் சார்"னு. சபா பென் டிரைவ்ல, எல்லா மைக்கும் மிக்ஸர்ல ஒண்ணா கலந்து போன ஸ்டீரியோ ரெக்கார்டிங் இருந்துச்சு, அதைக் குடுத்தேன். ஹெட்போன்ல போட்டுக் கேட்டுட்டு ரெண்டு நிமிஷத்துல கழட்டிட்டு "கும்கியே இல்லையே சார்"னு கேட்டார். கும்கின்னா மிருதங்கத்தோட இடது பக்கம், அதான் தொப்பி, அதுல வர்ற கனமான நாதம். எப்படி இருக்கும்? ஹால்ல கும்முதுன்னு தொப்பிப் பக்கத்து மைக்கை நான் தான் மிக்ஸர்ல இறக்கி வெச்சிருந்தேன். அந்த மைக்கோட ட்ராக் தனியா இருந்திருந்தா இன்னைக்கும் சத்தத்தை ஏத்திக் குடுத்திருக்கலாம். ஸ்டீரியோ ஒண்ணு இருக்கே, அது போதாதான்னு கேக்கற செக்ரட்டரிங்களுக்கு இதைத் தான் சொல்றேன், அது வடிச்ச சோறு, திரும்ப அரிசியாக்க முடியாது.

கணக்கு ஒண்ணும் பெருசு இல்ல சார். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ்ங்கற ரெக்கார்டிங் தரத்துல ஒரு ட்ராக்குக்கு நிமிஷத்துக்கு சுமார் 8.6 எம்பி, எட்டு ட்ராக்கு ரெண்டரை மணி நேரம்னா 10 ஜிபி சொச்சம். கார்டு ரீடர்ல போட்டா பத்து நிமிஷத்துல ஒரு ஹார்ட் டிஸ்க்குக்குப் போயிடும், ரெண்டாவது டிஸ்க்குக்கு இன்னொரு பத்து, அப்புறம் ஒவ்வொரு ட்ராக்கும் தொடக்கத்துலயும் கடைசிலயும் கொஞ்சம் கேட்டுப் பாக்கணும், மொத்தம் அரை மணி நேரம். கேக்காம விடக் கூடாது, ஏன்னா சில மெஷின் 2 ஜிபி தாண்டினா ஃபைலை ரெண்டா வெட்டிடும், ஹால் மைக் ரெண்டும் ஒரே ஸ்டீரியோ ஃபைலா வந்தா கண்டிப்பா தாண்டும், முதல் துண்டை மட்டும் காப்பி பண்ணிட்டு, கடைசில பாடற மங்களத்தைக் காணோம்னு தேடினவங்களை நான் பாத்திருக்கேன். ஃபோல்டரை அப்படியே முழுசா எடுக்கணும், வெறும் வேவ் ஃபைலை, அதான் சத்தம் இருக்கற ஃபைலை மட்டும் உருவினா, ஃபேடர் (சத்த அளவு), பேன் (இடது வலது) வெச்ச இடமெல்லாம் போயிடும். பழைய டாஸ்காம் டிபி-02 மாதிரி உள்ளயே ஹார்ட் டிஸ்க் வெச்ச மெஷின்ல இன்னொரு கூத்து, கம்ப்யூட்டர்ல சொருகினா பாட்டே தெரியாது, முதல்ல மெனுவுல போய் பேக்கப் அடிச்சு, கம்ப்யூட்டருக்குப் புரியற ஃபேட் பார்ட்டிஷன்ங்கற பகுதிக்குக் கொண்டு வந்தா தான் தெரியும்.

ஸ்டாப் அடிக்கறதும் முக்கியம். நிறைய மெஷின்ல ஸ்டாப் அமுக்கினா தான் ஃபைல் சரியா மூடும், நடுவுல கரண்ட் போனா கார்டுல ஜீரோ கேபின்னு காட்டும். ஒரு தடவை மங்களம் ஓடிட்டு இருக்கும்போதே ஒருத்தர் மெயின் சுவிட்ச்சுல கை வெச்சிட்டார், நான் போட்ட சத்தத்துல முன் வரிசை மாமி திரும்பிப் பாத்து முறைச்சாங்க. அதுலேர்ந்து சின்ன யூபிஎஸ் ஒண்ணு கூடவே வரும், தனி முடிஞ்சு கைதட்டல் ஓடும்போது ஒரு ஸ்டாப் போட்டு புது ஃபைல் ஆரம்பிச்சுடுவேன், போனா பாதியாவது மிஞ்சும்.

ரெண்டு காப்பியும் ஒரே பீரோல வெச்சா அதுவும் ஒண்ணு தான். 2015 டிசம்பர்ல அடையாறு ஆத்து வெள்ளம் எங்க தெருவுக்குள்ள வந்தப்போ கீழ் வீட்டு பீரோவோட சேர்ந்து என் ரெண்டு ஹார்ட் டிஸ்க்கும் முழுகிச்சு, ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைல ரிப்பேருக்குக் குடுத்தேன், திறந்தா உள்ள சேறு. இப்போ ஒண்ணு என்கிட்ட, ஒண்ணு அம்பத்தூர்ல தங்கச்சி வீட்டு மாடில.

சபாக்காரங்ககிட்ட நான் கேக்கறது பெரிய விஷயம் இல்ல. ரெக்கார்டிங்குக்கு காசு குடுக்கறீங்க, காப்பிக்கு அரை மணி நேரம் குடுக்க மாட்டேங்கறீங்க. ஹாலை உடனே மூடாம ஒரு ட்யூப் லைட், ஒரு பிளக் பாயின்ட் விட்டு வைங்க, டிஸ்க் ஒண்ணு வாங்கி வைங்க, ட்ராக் எல்லாம் பாடகருக்கும் பக்கவாத்தியக்காரங்களுக்கும் ஒரு காப்பி குடுங்க, அவங்க வாசிச்சது தானே.

இந்த வருஷம் என் பில்லுல கடைசி வரியா 'காப்பி எடுக்க 30 நிமிஷம், ஹார்ட் டிஸ்க் 1'னு தனியா போட்டிருக்கேன். போன வாரம் ஒரு செக்ரட்டரி அந்த ஒரு வரியை மட்டும் சிவப்புப் பேனால அடிச்சிட்டு, மீதிக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தார்.

இப்படிக்கு,
ஒரு சவுண்டுக்காரன்,
சைதாப்பேட்டை, சென்னை - 15