எட்டு நம்பரும் ஒரே பைக்குள்ளே

திங்கள் ராத்திரி

அன்பு ரோஸிக்கு,

நல்லா இருக்கியா, அண்ணன் நல்லா இருக்காங்களா, சின்னவளுக்கு இருமல் நின்னுச்சா? ஆறு மாசமா எழுதலைன்னு திட்டாதே. புதுப் பாம்பன் பாலம் 2025 ஏப்ரல்லயே திறந்தாச்சு. ரயில் வரலைங்கிற சாக்கு உனக்கும் போயிடுச்சு, கணக்கு சரி.

இவங்க இன்னைக்குக் கடலுக்குப் போயிருக்காங்க. பிள்ளைங்க தூங்கிடுச்சு. ஒரு விஷயம் பத்து நாளா நெஞ்சுல முள்ளு மாதிரி கிடக்கு. வாட்ஸ்அப்புல சொல்லலாம்தான், ஆனா விஷயமே போனைப் பத்தினது.

கோயில்ல போன் தொல்லை தாங்கலைடி. பூசையில ஃபாதர் அப்பத்தைத் தூக்கிக் காட்டுற எழுந்தேற்றத்துக்கு மணி அடிக்கிறாங்க, அதே நேரம் மூணாவது பெஞ்சுல குத்துப்பாட்டு. பீடச்சிறுவன் ஒருத்தன் அங்கிக்குள்ள வெச்சு கிரிக்கெட் ஸ்கோர் பார்த்தான், யார் பேரன்னு நீயே கண்டுபிடிச்சுக்கோ. போப் பிரான்சிஸ் 2017-ல இதைத்தான் சொன்னார்: "இதயங்களை மேலே எழுப்புங்கள்"னுதான் சாமியார் சொல்றாரு, போனை மேலே தூக்கிப் படம் எடுக்கச் சொல்லலைன்னு. ஃபாதர் அதைப் பிரசங்கத்துல சொன்னப்போ ரெண்டு பேர் அதையும் வீடியோ எடுத்தாங்க!

மறைக்கல்வி டீச்சர்னு பேர் இருக்கே, சும்மா இருப்பேனா? பழைய ஜீன்ஸையெல்லாம் வெட்டி, அறுபது பாக்கெட் வெச்சு, ஒவ்வொண்ணுலயும் நம்பர் குத்தி ஒரு பை தைச்சேன். நீ கிண்டல் பண்ணுற அதே கோணல் தையல்தான். கோயில் முகப்புல மாட்டி, சைலண்ட்ல போட்டுட்டு உள்ளே வாங்கன்னு வாசல்ல நானே நின்னு வாங்கினேன். மூணு ஞாயிறு அமோகம். பாட்டுக்குழு பாடுறது காதுல விழுந்துச்சு.

நாலாவது ஞாயிறு லூர்தக்கா கொடுக்க மாட்டேன்னுச்சு. "மகன் சனிக்கிழமை கடலுக்குப் போனவன், இன்னும் கரைக்கு வரலை"ன்னுச்சு. உனக்குத் தெரியாததா, சனி போற போட்டு ஞாயிறு காலையிலதானே திரும்பும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கடவுள் மேல பாரத்தைப் போட்டுட்டு வாங்கக்கா." சொல்லிக்கிட்டே கையிலிருந்து வாங்கிட்டேன். பாக்கெட் நம்பர் 23.

வாசகம் முடிஞ்சு பிரசங்கம் நடக்குது. வெளியே கோயில்பிள்ளை தாத்தாவுக்கு என்னமோ பொறி தட்டியிருக்கு. காது மந்தம் அவருக்கு. பை மேல கையை வெச்சிருக்காரு, வண்டுக்கூடு மாதிரி உள்ளுக்குள்ள அதிருது. ஒரு பாக்கெட் நின்னா அடுத்தது. ஆனா எடுக்கலை. யார் கேட்டாலும் பையைத் தொடாதீங்கன்னு நான்தானே சட்டம் போட்டிருந்தேன்.

அங்கே லூர்தக்கா மகன் போட்டுல எஞ்சின் நின்னு, தண்ணி ஏறிக்கிட்டிருக்கு. ராமேஸ்வரம் டிவி டவர் கண்ணுக்குத் தெரியுதாம், போன்லயும் டவர் காட்டுதாம். அம்மாவைக் கூப்பிட்டிருக்கான். போட்டு ஓனரைக் கூப்பிட்டிருக்கான், அவரும் பூசையில. சித்தப்பா, மாமா, சங்கத்துக்காரர்... எட்டு நம்பர் போட்டிருக்கான் ரோஸி. எட்டும் என் பைக்குள்ளதான் கிடந்துச்சு.

பின்னாடி வந்த வேற ஊர்ப் போட்டு பார்த்து, கயிறு போட்டு இழுத்துட்டு வந்துருச்சு. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலை. பூசை முடிஞ்சு லூர்தக்கா போனை எடுத்துப் பார்த்தப்போ பதினாலு மிஸ்டு கால். என் முகத்தைப் பார்த்துச்சு. ஒரு வார்த்தை பேசலை.

அடுத்த வாரம் பங்குப்பேரவையில ஒரே சத்தம். பையைத் தூக்கி எறிங்கன்னு பாதிப் பேர். அப்போ ரீல்ஸுக்கும் ஒரு சுரூபம் வெச்சிருவோமான்னு மீதிப் பேர். எனக்குப் பேசவே வாய் வரலை. பிளஸ் டூ படிக்கிற பொண்ணு ஒண்ணு எழுந்து, "டீச்சர், 'தொந்தரவு செய்யாதே'ன்னு போன்லயே ஒண்ணு இருக்கு"ன்னுச்சு. நட்சத்திரம் போட்டு வெச்ச நம்பர் மட்டும் மணி அடிக்கிற மாதிரி வெச்சுக்கலாமாம். ஆண்ட்ராய்டுல இன்னொண்ணும் இருக்கு: ஒரே நம்பர் பதினைஞ்சு நிமிஷத்துக்குள்ள ரெண்டாவது தடவை கூப்பிட்டா அதை மட்டும் விடச் சொல்லலாமாம். இத்தனை நாள் இது தெரியாம ஜீன்ஸை வெட்டிக்கிட்டு இருந்திருக்கேன் பாரு.

இப்போ பூசை முடிஞ்சதும் இளைஞர் பிள்ளைங்க திண்ணையில உட்கார்ந்து ஆத்தாமாருக்கெல்லாம் போனைச் சரிபண்ணிக் கொடுக்குது. கடலுக்குப் போன ஆள் நம்பருக்கு நட்சத்திரம், மத்த அறிவிப்பெல்லாம் கட். சிலதுக்குத் திரையைக் கறுப்பு வெள்ளையாக்கி விட்டுருக்கு. கலர் போனா பார்க்குற ஆசையும் பாதி போயிடும்னு சொல்லுதுங்க. ஒரு பாட்டி போன் கெட்டுப்போச்சுன்னு சண்டைக்கு வந்துருச்சு.

தவக்காலத்துக்கு ரீல்ஸை விடுவோம்னு, அக்கம்பக்கத்துக் குடும்பமெல்லாம் கூடுற அன்பியத்துல பேசியிருக்கோம். கறியை விட்டுட்டு நண்டும் கணவாயும் திங்குற நம்ம ஒறுத்தலைவிட இது கஷ்டம், உண்மையிலேயே. புனித கார்லோ அகுதிஸ் வாரத்துக்கு ஒரு மணி நேரம்தான் வீடியோ கேம் ஆடுவார்னு வகுப்புல சொன்னேன். 2025 செப்டம்பர்ல புனிதர் பட்டம் கொடுத்தாங்களே, அவர்தான். ஒரு பொடியன் கேட்கிறான்: "அவர் கையில ரீல்ஸ் இருந்திச்சா டீச்சர்?" அவர் செத்தது 2006-ல, முதல் ஐபோன் வந்ததே 2007-லதான். பதில் சொல்லாம வருகைப் பதிவேட்டை எடுத்துட்டேன்.

உன்கிட்ட மறைக்க என்ன இருக்கு? நானும் யோக்கியம் இல்லை. ராத்திரி பதினோரு மணிக்கு எவளோ கருவாட்டுக் குழம்பு வைக்கிறதை ஒண்ணு விடாம பார்க்கிறேன். வலை வீட்டுல பிறந்தவளுக்கு கருவாட்டுக் குழம்பு பாடம் எதுக்குடி? அன்னைக்கு வாசல்ல நின்னு ஊர் போனையெல்லாம் பிடுங்கினவ, முந்தின ராத்திரி ரெண்டு மணி நேரம் அதைத்தான் பார்த்துட்டு வந்து நின்னேன். இதை ஃபாதர்கிட்டகூடச் சொல்லலை.

நேத்து லூர்தக்கா மகன்கிட்ட ஒரு நார்ப்பெட்டி நகரை மீன் கொடுத்துவிட்டுருக்கு. "அம்மா கொடுக்கச் சொன்னுச்சு"ன்னு வெச்சுட்டுப் போயிட்டான். திட்டியிருந்தா தேவலை. ஆக்கினேன், எனக்கு இறங்கலை. போய்ப் பேசணும். என்னன்னு ஆரம்பிக்கிறதுன்னு நீ சொல்லு, சமாதானம் பேசுறதுல நம்ம செட்டுலயே நீதான் கெட்டிக்காரி. சிஸ்டர்கிட்டயே பேசித் தப்பிச்சவ.

மணி ஒண்ணரை. சத்தத்தைக் கூட்டி போனைத் தலைமாட்டுல வெச்சிருக்கேன். விடிஞ்சா போட்டு வரும்.

உன்
ஜெயா

அந்தப் பை துணிக்கொடியில கிடக்கு. இவங்க கிளிப்பு போட்டு வைக்கலாம்ங்கிறாங்க. உனக்கு வேணும்னா அனுப்புறேன்.